கொப்பியும் பென்சிலும் எடுத்துட்டு வாங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா முக்கால்வாசி கம்பஸ் பிள்ளையள்ட கேள்வி, அதிலயும் கொம்பியூட்டர் ஆர்க்கிடெக்சரும் ஒப்பரேட்டிங் சிஸ்டமும்தான். செமஸ்டர் எக்ஸாம் கிட்ட வந்திட்டு போல. ஃபோன் சூடாகுது, பாஸ்வேர்ட் மறந்திட்டன் எண்டு எழுதினவங்க அடுத்த மாசம் வரைக்கும் கொஞ்சம் பொறுங்க.

சேர், நான் ஏஎல் ஐசிடி தமிழ் மீடியத்தில செஞ்சனான். பணிசெயல் முறைமை எண்டு படிச்சது இப்ப இங்கிலீஷ்ல வருது. பேஜ் டேபிள் எண்ட பாடத்த மூண்டு தரம் வாசிச்சிட்டன், ஒண்டும் மண்டைக்குள்ள போகுதில்ல. எனக்கு இங்கிலீஷ் ஏலாததாலதான் இப்பிடியா?
இரண்டாம் வருட மாணவி, உப்புவெளி

தங்கச்சி, இங்கிலீஷ் உங்கட பிரச்சினையில கால்வாசிகூட இல்ல. இங்கிலீஷ் மீடியத்தில படிச்சிட்டு வந்த பிள்ளையளும் சரியா இந்த இடத்திலதான் விழுறாங்க, நான் கண்ணால பாத்திருக்கன். பேஜ் எண்டா பக்கம், டேபிள் எண்டா அட்டவணை, இதுக்கு மேல அதில என்ன இங்கிலீஷ் இருக்கு? நீங்க மூண்டு தரம் வாசிச்சீங்க, ஒரு தரமாவது கணக்காப் போட்டுப் பாத்தீங்களா எண்டுதான் நான் கேப்பன். இது வாசிக்கிற பாடம் இல்ல.

இப்ப கொப்பிய எடுங்க. மெமரிய ஒரே அளவுத் துண்டுகளாப் பிரிச்சா ஒரு துண்டுதான் பேஜ், ஒரு பேஜ் 4096 பைட் எண்டு வைங்க. உங்கட ப்ரோகிராம் 20500 எண்ட அட்ரஸைக் கேக்குது. 20500ஐ 4096ஆல பிரிங்க. ஈவு 5, மிச்சம் 20. ஈவுதான் பேஜ் நம்பர், மிச்சம்தான் ஓஃப்செட். பேஜ் டேபிள்ல 5 எண்ட வரிக்குப் போங்க, அதில 2 எண்டு எழுதியிருக்கு எண்டு வைங்க, அதாவது அந்த பேஜ் ரெம்ல 2ஆம் நம்பர் இடத்தில இருக்கு (அந்த இடத்துக்குப் பேர் ஃப்ரேம்). 2 × 4096 = 8192, அதோட அந்த 20ஐக் கூட்டினா 8212. ரெம்ல அந்த பைட் உண்மையா குந்தியிருக்கிற இடம் அதுதான். முடிஞ்சுது, இதுதான் அட்ரஸ் ட்ரான்ஸ்லேஷன், மிச்சமெல்லாம் இதுக்குப் போட்ட சோடனை. மெஷின் எங்கள மாதிரி பிரிச்சுக்கொண்டு இருக்காது, 4096 எண்டா 2இன் 12ஆம் அடுக்குத்தானே, கடைசி 12 பிட்டை வெட்டி ஒரு பக்கம் வைச்சா அது ஓஃப்செட், மேல மிஞ்சுறது பேஜ் நம்பர்.

இப்ப ஒரு கேள்வி. அந்த 5ஆவது வரியில 2 எண்டு எழுதினது ஆர்? ஒப்பரேட்டிங் சிஸ்டம். அத ஒவ்வொரு தரமும் எடுத்துப் பாக்கிறது ஆர்? புரொசஸருக்குள்ள இருக்கிற எம்எம்யூ எண்ட துண்டு. எழுதுறவர் ஒராள், வாசிக்கிறவர் இன்னொராள். வரி காலியா இருந்தா வாசிக்கிறவர் வேலைய நிப்பாட்டிட்டு எழுதுறவரக் கூப்பிடுவார், அதுதான் பேஜ் ஃபோல்ட். கம்பஸ்ல ரெண்டு பாடத்துக்கும் ரெண்டு லெக்சரர், ரெண்டு டைம்டேபிள் போட்டிருக்கிறதால பிள்ளையள் ரெண்டும் வேற வேற எண்டு நினைச்சு ரெண்டு கொப்பி வைச்சிருக்கிறாங்க. ஒரே கொப்பியில எழுதுங்க, சொல்லிட்டன்.

அடுத்தது சைஸ் கணக்கு, பேப்பர்ல அடிக்கடி வாறது. 32 பிட் அட்ரஸ்ல 12 போனா 20 பிட் மிச்சம், அப்ப டேபிள்ல 1,048,576 வரி, ஒரு வரிக்கு 4 பைட் எண்டா டேபிள் மட்டுமே 4 எம்பி. ஓடுற ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் (அதுதான் ப்ரோசஸ்) தனி டேபிள், நூறு ஓடினா 400 எம்பி டேபிளுக்கே போயிடும். அதாலதான் அந்த 20ஐ 10, 10 எண்டு பிரிச்சு ரெண்டு தட்டு டேபிள் வைச்சாங்க, சின்ன ப்ரோகிராமுக்கு மேல்தட்டு ஒண்டும் கீழ்த்தட்டு ரெண்டும் போதும், ஒவ்வொண்டும் 4 கேபி, மொத்தம் 12 கேபியோட வேலை முடிஞ்சுது. ஆனா ஒரு பைட் எடுக்க முதல்ல ரெண்டு தரம் மெமரிக்குப் போய் டேபிளப் பாக்கவேண்டி வருது, அந்த அலைச்சலக் குறைக்கத்தான் டிஎல்பி, இப்ப பாத்த வரிகளை புரொசஸருக்குள்ளயே ஞாபகம் வைச்சிருக்கிற சின்ன கேஷ்.

கேஷ் எண்டோன ஞாபகம் வந்தது, நீங்க ஏஎல்ல 'பதுக்கு நினைவகம்' எண்டு படிச்சிருப்பீங்க. அத மறந்திடாதீங்க, அருமையான சொல்லு. 2022ல காஸ் சிலிண்டர் பதுக்கின சனத்துக்கு கேஷ் எண்டா என்னண்டு தனியா விளங்கப்படுத்தத் தேவையில்ல. திரும்பத் தேவைப்படும் எண்டு நினைக்கிறத கைக்கெட்டுற தூரத்தில ஒளிச்சு வைக்கிறது, இடம் நிரம்பினா எதத் தூக்கி வெளிய வைக்கிறது எண்டு மண்டையப் போட்டு உடைக்கிறது. தமிழ்ல விளங்கி வைச்சிட்டு இங்கிலீஷ்ல எழுதுறது குறைஞ்ச வேலை இல்ல, நானும் அப்பிடித்தான் பாஸ் பண்ணினன்.

பைப்லைன் போட்டா ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் கெதியா முடியும் எண்டு எங்கட சீனியர் நானா சொல்றார், லெக்சரர் இல்ல எண்டுறார். ஆர் சரி சேர்?
மாணவன், கிண்ணியா

லெக்சரர் சரி தம்பி. நானாவோட சண்டைக்குப் போகாம இதக் காட்டுங்க.

கிண்ணியாக்காரருக்கு கன்னியாவச் சொல்லி விளங்கப்படுத்துறன், பேர்க் குழப்பத்துக்குக் கோவிக்க வேணாம். வெந்நீரூத்துக்குப் போயிருப்பீங்க, ஏழு கிணறு, சின்னச் சின்னச் சதுரமா, ஒவ்வொண்டிலயும் சூடு வேற வேற. ஒரு கிணத்தில ஒரு நிமிஷம் அள்ளி ஊத்திட்டு அடுத்ததுக்குப் போறது எண்டு வைங்க, ஒராளுக்கு ஏழு நிமிஷம். லீவு நாள்ல எழுபது பேர் வந்திருக்கிறாங்க. ஒராள் ஏழையும் முடிச்சு வெளிய வந்த பிறகுதான் அடுத்தவர் உள்ள போகலாம் எண்டா 490 நிமிஷம், எட்டு மணித்தியாலத்துக்கு மேல, பொழுது பட்டிடும். முதலாமவர் ரெண்டாவது கிணத்துக்கு நகர்ந்தோன அடுத்தவர் முதலாவது கிணத்துக்கு வரலாம் எண்டா? கடைசி ஆள் 69 நிமிஷம் கழிச்சு உள்ள போறார், ஏழு நிமிஷத்தில முடிக்கிறார், மொத்தம் 76 நிமிஷம். ஆனா பாருங்க, ஒராளுக்கு எடுத்த நேரம் அதே ஏழு நிமிஷம்தான், ஒரு செக்கன்கூடக் குறையல்ல. குறைஞ்சது கூட்டத்தின்ட நேரம். ஆள்தான் இன்ஸ்ட்ரக்‌ஷன், கிணறுதான் ஸ்டேஜ், இப்பிடி ஒராளுக்குப் பின்னால ஒராள் நகர்றதுதான் பைப்லைன்.

இன்னொண்டு. அஞ்சாவது கிணறு நல்ல சூடு, அதில எல்லாரும் ரெண்டு நிமிஷம் நிண்டு நிண்டு ஊத்துறாங்க எண்டா முழு வரிசையும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்காத்தான் நகரும். அப்ப ஒராளுக்கு 14 நிமிஷம், எழுபது பேருக்கு 152. மெதுவான ஸ்டேஜ்தான் க்ளொக்கத் தீர்மானிக்குது எண்டு நோட்ஸ்ல ஒரு வரி இருக்கும், அது இதுதான். பைப்லைன் போட்டா ஒத்தை இன்ஸ்ட்ரக்‌ஷன் கொஞ்சம் தாமதமாகவும் ஏலும், நானாட தலையில கைய வைச்சுச் சொல்லுங்க.

கிணத்துக் கதை இதுவரைக்கும்தான், ஹசார்டுக்கு, அதாவது முன்னால போனதுட விடைக்காகப் பின்னால வாறது நிக்கவேண்டி வாறதுக்கு, இதையே இழுத்தா பிழைச்சுப் போயிடும். அதுக்கு கட்டம் கீறுங்க. அஞ்சு ஸ்டேஜ்: ஃபெட்ச், டிகோட், எக்ஸிகியூட், மெமரி, ரைட்பேக். முதல் வரி ஒரு லோட், மெமரியில இருந்து ஒரு ரெஜிஸ்டருக்கு (புரொசஸருக்குள்ள இருக்கிற சின்னச் சேமிப்பிடம்) எடுக்குது. அடுத்த வரியே அந்த ரெஜிஸ்டரக் கூட்டுது. லோட் மெமரி ஸ்டேஜ முடிக்கிறது 4ஆவது சைக்கிள்ட கடைசியில, கூட்டல் எக்ஸிகியூட்டுக்கு வரவேண்டியது அதே 4ஆவது சைக்கிள்ட தொடக்கத்தில. சமைச்சு முடிய முதல் சாப்பிடக் குந்தின மாதிரி. ஃபோர்வர்டிங் (ரைட்பேக் வரைக்கும் பாத்துக்கொண்டு இராம விடைய நேர கைமாத்துறது) இருந்தாலும் ஒரு சைக்கிள் நிக்கத்தான் வேணும், ஃபோர்வர்டிங் இல்லாட்டி ரெண்டு. இத ஒருக்கா கட்டத்தில கீறினா சாகும் வரைக்கும் மறக்காது, பாடமாக்கினா எக்ஸாம் ஹோல் வாசல்லயே மறந்திடும்.

மகன் கம்பியூட்டர் சயன்ஸ். நாலு லட்சத்துக்கு கேமிங் லெப்டொப் இல்லாட்டி படிக்க ஏலாது எண்டு அடம்பிடிக்கிறான். உண்மையா?
ஒரு தகப்பன், நிலாவெளி

பொய். எட்டு ஜிபி ரெம், எஸ்எஸ்டி, செகண்ட் ஹேண்ட் எண்டாலும் பரவாயில்ல. அதில லினக்ஸ் போட்டுக் குடுங்க, ரெண்டு வருஷத்துக்கு அது காணும். மிச்சக் காச பாஸ்புக்ல போடுங்க, மகன் என்ன ஏசினா ஏசட்டும்.

செமஃபோர், மியூட்டெக்ஸ் ரெண்டும் ஒண்டா? பி, வி எண்டு எழுதுறாங்களே, அது என்ன எழுத்து? எனக்கு இந்த யூனிட் எண்டாலே பயம் அண்ணா.
மாணவன், மூதூர்

பயப்பட வேண்டிய யூனிட்தான் தம்பி, நானும் அதில அவமானப்பட்டவன், கடைசியில சொல்றன்.

முதல்ல ஏன் இது வேணும் எண்டு பாருங்க. கவுண்ட் எண்ட ஒரு வேரியபிள்ல 7 இருக்கு. ரெண்டு த்ரெட் (ஒரே ப்ரோகிராமுக்குள்ள சேந்து ஓடுற வேலைகள்), ரெண்டும் அத ஒண்டால கூட்டப் போகுது. சி-யில அது ஒரு வரி, மெஷினுக்கு அது மூண்டு வேலை: எடு, கூட்டு, வை. முதலாவது த்ரெட் 7ஐ எடுக்குது, அந்த நேரம் பாத்து ஷெட்யூலர் அத நிப்பாட்டிட்டு மத்ததுக்கு இடம் குடுக்குது. மத்தது 7ஐ எடுத்து 8 ஆக்கி வைச்சிட்டுப் போயிட்டு. இப்ப முதலாவது திரும்பி வருது, அதுட கையில இருக்கிறது பழைய 7தானே, அதக் கூட்டி 8 எண்டு வைக்குது. ரெண்டு தரம் கூட்டி ஒண்டுதான் ஏறியிருக்கு. ரெண்டு த்ரெட்டும் ஆளுக்கு லட்சம் தரம் கூட்டுற மாதிரி எழுதி ஓடவிடுங்க, ரெண்டு லட்சம் வரவேணும், வராது, ஒவ்வொரு தரமும் வேற வேற நம்பர் வரும். இதக் கண்ணால காணாம செமஃபோர் படிக்கிறது வீண்.

செமஃபோர் எண்டது ரயில்வே சொல்லு. நாங்க கைகாட்டி எண்டு சொல்லுறமே, அந்தக் கட்டைதான். 1960களில டைக்ஸ்ட்ரா எண்ட டச்சுக்காரர் இந்த யோசனையக் கொண்டு வந்தவர், பியும் வியும் அவர்ட பாஷைச் சொற்கள்ட முதல் எழுத்து, வி எண்டா கூட்டுறது. எங்கட திருகோணமலை பிரட்ரிக் கோட்டையத் திருத்திக் கட்டின ஒல்லாந்தர்ட அதே பாஷைதான், அதால நோட்ஸ்ல இருக்கிறத இங்கிலீஷ் எண்டு நினைச்சு டிக்‌ஷனரியில தேடி நேரத்த வீணாக்காதீங்க.

மியூட்டெக்ஸுக்கும் ரயில்வேயிலேயே உதாரணம் இருக்கு. ஒத்தத் தண்டவாளத்தில ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததுக்கும் இடையில ஒரு ட்ரெய்ன்தான் ஓடலாம், அந்தத் துண்டுக்கான டேப்லட் எண்ட தட்டு டிரைவர்ட கையில இருந்தாத்தான் போகலாம் எண்டு ஒரு பழைய முறை. ஒரே ஒரு டேப்லட், எடுத்தவர்தான் குடுக்கவேணும். அது மியூட்டெக்ஸ். செமஃபோர் வெறும் எண்ணிக்கை, ஒராள் குறைப்பார் (அதுதான் பி, வெயிட் எண்டும் எழுதுவாங்க, பூச்சியமா இருந்தா காத்திருக்கவேணும்), வேற ஆரும் கூட்டலாம் (அது வி). ப்ரொடியூசர் சாமான வைச்சிட்டுக் கூட்டுறார், கன்சியூமர் குறைச்சிட்டு எடுக்கிறார். வித்தியாசம் அங்கதான், ஒண்டு உரிமை, மத்தது கணக்கு.

இப்ப என்ட கதை. லேப் எக்ஸாம்ல அஞ்சு இடம் உள்ள பஃபருக்கு ப்ரொடியூசர் கன்சியூமர் எழுதச் சொன்னாங்க. எழுதினன், ஓடிச்சுது, ஓடினோன பெருமை தாங்கல்ல, கையத் தூக்கி சேரைக் கூப்பிட்டன். அவர் வந்து பாத்தார், ஒண்டும் சொல்லாம கன்சியூமருக்குள்ள ஒரு ஸ்லீப் வரியப் போட்டார், என்டர் தட்டினார். ஸ்க்ரீன்ல அஞ்சு சாமான் போனது வந்திச்சு, பிறகு ஒண்டுமில்ல. கர்சர் மட்டும் மினுங்கிக்கொண்டு இருக்கு. நான் மெஷின் ஹேங் சேர், ரீஸ்டார்ட் பண்ணவா எண்டு கேட்டன் பாருங்க, பின்னுக்கு இருந்தவங்க சிரிச்சது இப்பவும் காதில கேக்குது.

பிழை ரெண்டே ரெண்டு வரி. ப்ரொடியூசர்ல நான் முதல்ல மியூட்டெக்ஸுக்கு வெயிட், பிறகு எம்ப்டிக்கு (காலி இடத்த எண்ணுற செமஃபோர்) வெயிட் எண்டு எழுதியிருந்தன். பஃபர் நிரம்பினோன ப்ரொடியூசர் மியூட்டெக்ஸ் எண்ட திறப்ப எடுத்து இடுப்பில செருகிக்கொண்டு, இடம் காலியாகட்டும் எண்டு படுத்திட்டார். காலியாக்க வேண்டிய கன்சியூமர் அதே திறப்புக்காக வாசல்ல நிக்கிறார். ரெண்டு பேரும் இண்டைக்கும் நிக்கிறாங்க. எம்ப்டிய முதல்ல கேட்டுட்டு பிறகு மியூட்டெக்ஸ எடுத்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. கன்சியூமர் கெதியா ஓடுற வரைக்கும் பஃபர் நிரம்பாது, அதால பிழை வெளிய தெரியாது, நூறு தரம் ஓடும், நூத்தியோராவது தரம் படுத்திடும். உங்கட ப்ரோகிராம் ஓடுது எண்டா ரெண்டு பக்கமும் மாறி மாறி ஸ்லீப் போட்டுப் பாத்திட்டு கையத் தூக்குங்க.

ஃபிஃபோவில ஃப்ரேம் கூட்டினா பேஜ் ஃபோல்ட் குறையும்தானே?
மாணவி, தம்பலகாமம்

ஃபிஃபோ எண்டா ஃப்ரேம் நிரம்பினோன முதல் வந்த பேஜ முதல் வெளியேத்துறது. ஃப்ரேம் கூடினா ஃபோல்ட் குறையவேணும் எண்டுதான் எல்லாரும் நினைச்சாங்க. 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 எண்ட வரிசையில பேஜுகளக் கேட்டாக் கீறிப் பாருங்க, மூண்டு ஃப்ரேமுக்கு 9 ஃபோல்ட், நாலு ஃப்ரேமுக்கு 10. பெலாடி எண்டவர் 1969ல காட்டினது. விடை எனக்கு அனுப்ப வேணாம், ரெண்டு அட்டவணையையும் கீறி உங்கட கொப்பியில ஒட்டுங்க.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் நான். பேத்தியின்ட நோட்ஸப் பாத்தன், எல்லாம் அறுபதாம் எழுபதாம் ஆண்டுக் கதை. இப்ப ஏஐ தானே கோட் எழுதுது, இதுகளப் படிச்சு என்ன பிரயோசனம் தம்பி?
சாம்பல்தீவு

ஐயா, நீங்க பைதகரஸ் படிப்பிச்ச காலத்தில ஒருத்தரும் உங்களப் பாத்து இது பழசு எண்டு சொல்லியிருக்க மாட்டாங்க, சும்மா பகிடிக்குச் சொன்னன்.

2018 ஜனவரியில ஸ்பெக்டர், மெல்ட்டவுன் எண்டு ரெண்டு ஓட்டை வெளிய வந்தது. புரொசஸர் வேகத்துக்காக, இந்தப் பாதையிலதான் ப்ரோகிராம் போகும் எண்டு ஊகிச்சு முன்கூட்டியே வேலையச் செய்யும், ஊகம் பிழைச்சா செஞ்சதத் திரும்ப அழிச்சிடும். ஆனா அந்த நேரம் கேஷுக்குள்ள கொண்டு வந்து வைச்சது அழியாம கிடக்கும். எது கேஷ்ல இருக்கு எண்டு நேரத்த அளந்தே கண்டுபிடிக்கலாம், அப்பிடி அளந்தளந்து மத்தவன்ட ரகசியத்த வாசிக்கலாம். மெல்ட்டவுனுக்கு லினக்ஸ்காரர் கேர்னல்ட (ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின்ட மையப் பகுதி) பேஜ் டேபிளயும் யூசர் ப்ரோகிராம்ட பேஜ் டேபிளயும் பிரிச்சு வைச்சாங்க, அதால சில வேலைகள் மெதுவாயும் போச்சு. பேத்தியின்ட நோட்ஸ்ல இருக்கிற அத்தியாயம் அவ்வளவும் இந்த ஒரு சம்பவத்துக்குள்ள இருக்கு.

ஏஐ எழுதுற கோடுக்கும் இது வேணும் ஐயா. உங்களுக்கு மெட்ரிக்ஸ் தெரியும். சி-யில ஒரு பெரிய மெட்ரிக்ஸ வரிவரியா கூட்டுறதும் நிரல்நிரலா கூட்டுறதும் விடையில ஒண்டுதான், நேரத்தில இல்ல. மெமரியில இருந்து ஒரு தரம் வந்தா 64 பைட் சேந்து வரும், நாலு பைட் எண் பதினாறு. வரிவரியா போனா ஒருக்கா போய் பதினாறு வேலைக்குக் கொண்டு வாறீங்க, நிரல்நிரலா போனா ஒவ்வொரு எண்ணுக்கும் திருப்பித் திருப்பி அலையவேண்டி வரும். சந்தைக்குப் போய் ஒவ்வொரு வெங்காயமா வாங்கிட்டு வாற மாதிரி. பேத்தியிட்டச் சொல்லி உங்களுக்கு முன்னால அஞ்சாயிரத்துக்கு அஞ்சாயிரம் மெட்ரிக்ஸ் ஒண்ட ரெண்டு விதமாவும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, மணிக்கூட்ட நீங்க பிடியுங்க.

நான் வேலை செஞ்சுகொண்டு வெளிவாரியா ஐடி டிகிரி செய்றன். டவுன்ல இந்த ரெண்டு பாடத்துக்கும் கிளாஸ் இல்ல. இரவு ரெண்டு மணித்தியாலம்தான் கிடைக்குது, தனியா எங்க இருந்து தொடங்கலாம்?
உட்துறைமுக வீதி

ரெண்டு மணித்தியாலம் கனக்க. வீடியோ பாக்காதீங்க, பாத்தா நித்திரை வரும். எக்ஸ்வி6 எண்டு ஒரு ஒப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கு, அமெரிக்காவில எம்ஐடி கம்பஸ்ல படிப்பிக்கிறதுக்கெண்டே எழுதினது, பழைய யூனிக்ஸ் ஆறாம் பதிப்புட மாதிரியில. லினக்ஸ் கேர்னல் கோடிக் கணக்கான வரி, அதுக்குள்ள இறங்கினா கோணேசர் மலையில இருந்து கடலுக்குள்ள குதிச்ச மாதிரி. எக்ஸ்வி6 பத்தாயிரம் வரிக்குள்ள முடிஞ்சிடும், சும்மா டவுன்லோட் பண்ணலாம், கியூஇஎம்யூ (இன்னொரு மெஷின் மாதிரி நடிக்கிற சொஃப்ட்வெயார்) போட்டா உங்கட லெப்டொப்பிலேயே ஓடும். 2019க்குப் பிறகு வந்தது ரிஸ்க்-ஃபைவ் புரொசஸருக்கு எழுதினது, அதால ஆர்க்கிடெக்சரும் சேத்துப் படிச்ச மாதிரி.

முதல் கிழமை ஒண்டும் எழுத வேணாம். கேர்னல் ஃபோல்டருக்குள்ள கொன்டெக்ஸ்ட் சுவிச் (ஒரு வேலைய நிப்பாட்டிட்டு மத்ததுக்கு மாறுறது) நடக்கிற அசெம்ப்ளி ஃபைல் ஒண்டு இருக்கு, ஒரு பக்கம்கூட வராது. 14 ரெஜிஸ்டர மெமரியில வைக்குது, வேற 14ஐ எடுக்குது, ஒரு ரிட்டேர்ன், அவ்வளவுதான். ஒரு நேரத்தில கனக்க வேலை ஓடுற மாதிரி தெரியுற வித்தை முழுக்க அந்த 29 வரிக்குள்ள. ஜிடிபியால (ப்ரோகிராம இடையில நிப்பாட்டிப் பாக்கிற கருவி) அந்த ஃபங்ஷன்ட முதல் வரியில நிப்பாட்டி, திரும்பிப் போகவேண்டிய அட்ரஸ வைச்சிருக்கிற ஆர்ஏ ரெஜிஸ்டரப் பாத்துக் குறிச்சு வைங்க, பிறகு வரிவரியா நகர்த்தி ரிட்டேர்னுக்கு முதல் வரியில திரும்பப் பாருங்க, வேற அட்ரஸ் இருக்கும். கூப்பிட்ட இடம் ஒண்டு, திரும்பிப் போகப் போற இடம் இன்னொண்டு. ரெண்டும் எந்தெந்த ஃபங்ஷன்ட அட்ரஸ் எண்டு கண்டுபிடிச்சு எழுதிப் போடுங்க, அடுத்த மாசம் உங்கட விடையில இருந்து தொடங்குறன்.